ஹாம்பர்கில் பீட்டில்ஸ் வாசித்த கிளப்புகள்: இன்று போனால் எது மிச்சம்?

தந்திவடம்:
ஹாம்பர்கில் சனிக்கிழமை மதியம் தொடங்கி ஞாயிறு மதியம் வரை நேரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 1960 முதல் 1962 வரை பீட்டில்ஸ் வாசித்த நான்கு கிளப்புகள்: இந்த்ரா, கைஸர்கெல்லர், டாப் டென், ஸ்டார் கிளப். இதில் இன்றைக்கும் உள்ளே போய் நிற்கக்கூடியது எது, வெறும் முகவரியாக மட்டும் மிஞ்சியது எது? எந்த வரிசையில் நடந்தால் போன தெருவுக்கே திரும்பிப் போகாமல் முடியும்? சுற்றுலாப் பக்கங்களில் எல்லாவற்றையும் ஒரே மாதிரி எழுதி வைத்திருக்கிறார்கள். கட்டடம் நிற்கிறதா இல்லையா என்றுகூடச் சொல்வதில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

கறுப்புத்தட்டு:
நல்ல கேள்வி. முதலில் நிலவரம். இந்த்ரா இருக்கிறது, இப்போதும் இசைக் கிளப்தான். கைஸர்கெல்லர் இருக்கிறது, அதே கட்டடத்தின் அதே நிலத்தடித் தளத்தில். டாப் டென் இருந்த முகவரி இருக்கிறது, கிளப் இல்லை. ஸ்டார் கிளப் கட்டடமே இல்லை.

நான்கில் மூன்று ஒரே தெருவில் இருக்கின்றன. தெருவின் பெயர் க்ரோஸே ஃப்ரைஹைட். ரீப்பர்பான் பெருவீதியின் மேற்குக் கோடியிலிருந்து வடக்கே போகும் சின்னத் தெரு. 36ஆம் எண் கைஸர்கெல்லர், 39 ஸ்டார் கிளப், 64 இந்த்ரா. ரீப்பர்பான் பக்கமிருந்து நுழைந்தால் எண்கள் ஏறிக்கொண்டே போகும். இரட்டைப்படை ஒரு பக்கம், ஒற்றைப்படை எதிர்ப்பக்கம். ஆகவே கைஸர்கெல்லரும் ஸ்டார் கிளப் இருந்த இடமும் கிட்டத்தட்ட எதிரெதிரே.

வரிசை: எஸ்-பான் ரயிலில் ரீப்பர்பான் நிலையத்தில் இறங்குங்கள். மேலே ஏறியதுமே க்ரோஸே ஃப்ரைஹைட் முனையில் பீட்டில்ஸ் சதுக்கம். அங்கிருந்து தெருவுக்குள் நுழைந்து 29, 36, 39, 64 என்று வடக்கே போங்கள். தெரு முடிகிற இடத்தில் குறுக்கே வருவது பால் ரோஸன் தெரு. அதில் 33ஆம் எண்தான் பாம்பி கினோ, அவர்கள் 1960இல் படுத்துத் தூங்கிய திரையரங்கு. அங்கிருந்து கிழக்கே நடந்தால் வோல்வில் தெரு. 22ஆம் எண்ணில் யேகர் பாசாஜ் என்ற உள்முற்றம். அதை முடித்துத் தெற்கே இறங்கினால் மறுபடி ரீப்பர்பான் வரும், 136ஆம் எண் டாப் டென் முகவரி. வட்டமாகப் போய் வந்துவிடலாம். நின்று பார்த்துப் போனாலும் இரண்டு மணி நேரம் தாராளம்.

பலரும் தடுமாறுவது இறங்கும் நிலையத்தில்தான். இந்த வட்டாரத்தின் பெயர் செயின்ட் பவுலி. அதே பெயரில் ஒரு நிலையம் இருப்பதால் யூ3 மெட்ரோவில் அங்கே இறங்கிவிடுகிறார்கள். அது ரீப்பர்பானின் கிழக்குக் கோடி. பீட்டில்ஸ் சதுக்கத்துக்கு வீதி முழுவதும் நடக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். பகலில் பரவாயில்லை. சனிக்கிழமை இரவு அந்தக் கூட்டத்தில் அது வேறு விஷயம்.

நள்ளிரவுவண்டி:
போக்குவரத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். ஹாம்பர்க் மத்திய நிலையத்திலிருந்து ரீப்பர்பான் எஸ்-பான் நிலையம் பத்து நிமிடப் பயணம். நகரப் போக்குவரத்தின் பெயர் ஹெச்விவி. 'ஒன்பது மணி நாள் சீட்டு' என்று ஒன்று கொடுப்பார்கள். வார நாளில் காலை 9க்குப் பிறகு செல்லும், சனி ஞாயிறில் நாள் முழுவதும் செல்லும். ஒவ்வொரு பயணத்துக்கும் தனிச் சீட்டு எடுப்பதைவிட இது லாபம். வார இறுதி இரவுகளில் எஸ்-பானும் யூ-பானும் விடிய விடிய ஓடும். அதனால் கிளப்பை விட்டு எப்போது வெளியே வந்தாலும் தங்குமிடம் திரும்பலாம்.

அந்த வட்டாரத்துக்கென்று தனிச் சட்டம் உண்டு. ரீப்பர்பான் பகுதியில் ஆயுதத் தடை இருக்கிறது. பழம் நறுக்கப் பையில் போட்டு வைத்த மடக்குக் கத்தியும் அதில் சிக்கும், போலீஸ் பையைத் திறந்து பார்க்க முடியும். வெள்ளி, சனி இரவு 10 முதல் காலை 6 வரை தெருவில் கண்ணாடி பாட்டில் வைத்திருக்கக் கூடாது. தண்ணீரை பிளாஸ்டிக் பாட்டிலில் எடுத்துப் போங்கள்.

புகைப்படம் எடுப்பதில் மிகவும் கவனம் வேண்டும். அது பாலியல் தொழில் நடக்கும் வட்டாரம். அங்கே வேலை செய்கிறவர்கள் பக்கம் கேமராவைத் திருப்பக் கூடாது. சட்டமும் அதுதான், மரியாதையும் அதுதான். கிளப் முகப்பைப் படமெடுக்கும்போது வாசலில் ஆள் நின்றால் அவர் நகரும்வரை பொறுங்கள். அருகில் ஹெர்பர்ட் தெரு என்று இரு பக்கமும் தடுப்பு வைத்த சின்னத் தெரு வரும். அதற்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தமில்லை, விட்டுவிடலாம்.

கீழ்ஸ்தாயி:
கைஸர்கெல்லர் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தப்பான அறையைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இங்கேதான் அதிகம்.

36ஆம் எண் கட்டடத்தில் இரண்டு அரங்குகள். மேலே உள்ள பெரிய கச்சேரி மண்டபத்தின் பெயரே க்ரோஸே ஃப்ரைஹைட் 36. கைஸர்கெல்லர் அதற்குக் கீழே, நிலத்தடியில். மேல் மண்டபத்துக்கு டிக்கெட் வாங்கி ஒரு கச்சேரி கேட்டுவிட்டு 'பீட்டில்ஸ் வாசித்த இடத்தில் நின்றேன்' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர். பீட்டில்ஸ் வாசித்தது கீழே. டிக்கெட் வாங்கும்போது நிகழ்ச்சிக்கு எதிரே அரங்கின் பெயர் கைஸர்கெல்லர் என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சில இரவுகளில் மேலும் கீழும் தனித்தனி நிகழ்ச்சி நடக்கும்.

கீழே இறங்கியதும் 1960 அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அப்போது அது மாலுமிகளுக்கான அலங்காரம் செய்த கூடம். சுவரிலும் கூரையிலும் மீன்வலை, உட்காருவதற்குப் படகு வடிவ இருக்கைகள். மேடை என்பது மரப் பலகை அடித்த ஒரு தட்டு. அது உளுத்துப்போய் இருந்தது. லிவர்பூலிலிருந்து வந்த இன்னொரு குழுவான ரோரி ஸ்டார்ம் குழுவும் பீட்டில்ஸும் மாறி மாறி ஏறி அந்தப் பலகை உடையும்வரை குதித்தது பதிவான வரலாறு. அந்த ரோரி ஸ்டார்ம் குழுவின் டிரம்மர்தான் பின்னால் பீட்டில்ஸில் சேர்ந்த ரிங்கோ ஸ்டார். அவரும் மற்ற மூவரும் நெருங்கிப் பழகியது இந்த நிலத்தடியில்தான்.

இன்றைக்கு வலை, படகு எதுவும் இல்லை. பலமுறை புதுப்பித்த நடன கிளப் அது. ஆனால் படி இறங்கும் ஆழம், நிலத்தடி என்ற உணர்வு, சத்தம் வெளியே போக வழியில்லாத அமைப்பு, இதெல்லாம் கட்டடத்தோடு வந்தது. கிளவுஸ் ஃபூர்மன் என்ற இளம் ஓவியர் தெருவில் நடந்து போகும்போது கீழிருந்து வந்த சத்தத்தைக் கேட்டுத்தான் உள்ளே இறங்கினார். பிறகு புகைப்படம் எடுக்கும் நண்பர்கள் ஆஸ்ட்ரிட் கிர்ஷ்ஹெர், யூர்கன் ஃபோல்மர் இருவரையும் கூட்டி வந்தார். அந்தக் காலத்து பீட்டில்ஸ் படங்களில் நாம் கொண்டாடுகிற பல படங்கள் பிறந்தது இந்தச் சந்திப்பில். வாசலில் நின்று ஒரு நிமிடம் கீழிருந்து வரும் ஒலியைக் கேளுங்கள். அதற்கு டிக்கெட் வேண்டியதில்லை.

மேளக்கட்டு:
இந்த்ராவைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லையே. என்னைக் கேட்டால் முதலில் போக வேண்டியது அங்கேதான். 1960 ஆகஸ்ட் 17, ஜெர்மனியில் அவர்கள் முதன்முதலாக மேடையேறிய நாள். அது இந்த்ராவில். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், பேஸ் கிதார் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப், அப்போதைய டிரம்மர் பீட் பெஸ்ட் என்று ஐந்து பேர். முதலாளி புரூனோ கோஷ்மிடர், கைஸர்கெல்லரும் அவருடையதே. வார நாளில் இரவுக்கு நாலரை மணி நேரம், சனி ஞாயிறில் ஆறு மணி நேரம் வாசிக்க வேண்டும். ஆளுக்கு நாள் ஒன்றுக்கு 30 மார்க்.

அக்கம்பக்கத்தில் சத்தம் தாங்கவில்லை என்று புகார் போனது. இந்த்ராவில் பாட்டை நிறுத்திவிட்டு அக்டோபர் 4 அன்று கோஷ்மிடர் அவர்களைக் கைஸர்கெல்லருக்கு மாற்றினார். அதாவது அதே தெருவில் கொஞ்சம் தெற்கே. அந்தத் தூரத்தை நடந்து பாருங்கள். சில நிமிடங்கள்தான் ஆகும். ஆனால் ரீப்பர்பான் கூட்டம் இந்த்ரா வரைக்கும் வருவதில்லை என்பது நடந்தால் புரியும். தெருவின் தெற்குப் பாதி முழுக்க விளக்கும் ஆளும். வடக்கே போகப் போகக் குடியிருப்பு ஆகிவிடுகிறது. புகார் ஏன் வந்தது, அந்தச் சின்ன கிளப்பில் ஆரம்பத்தில் கூட்டம் ஏன் சேரவில்லை என்ற இரண்டு கேள்விக்கும் தெருவே பதில் சொல்லும்.

முகப்பில் ஒரு நினைவுப் பலகை இருக்கிறது, ஜெர்மனில் எழுதியது. அன்றைக்கு இந்த்ராவின் அடையாளம் தெருவுக்குக் குறுக்கே தொங்கிய நியான் யானை. பெயருக்கேற்ற சின்னம், நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பழைய தெருப் படங்களில் அந்த யானையைப் பார்த்தால் அது எந்தப் பக்கமிருந்து எடுத்த படம் என்று கண்டுபிடித்துவிடலாம்.

பகலில் போனால் கதவு மூடியிருக்கும். இது அருங்காட்சியகம் இல்லை, கச்சேரி இருந்தால்தான் திறப்பார்கள். ஆகவே பயணத் தேதி முடிவானதும் இந்த்ராவின் நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்கள். அன்றைக்கு ஏதாவது குழு வாசிக்கிறதென்றால், என்ன பாணியாக இருந்தாலும் டிக்கெட் எடுங்கள். அந்த அறையில் நாலைந்து பேர் நின்று வாசித்தால் பார்ப்பவனுக்கும் வாசிப்பவனுக்கும் எவ்வளவு இடைவெளி என்பதைப் படத்தில் தெரிந்துகொள்ள முடியாது.

கறுப்புத்தட்டு:
மேளக்கட்டு சொல்வது சரி. அதனால் வரிசையை இரண்டாகப் பிரித்துவிடலாம். பகலில் முகவரிகள், இரவில் அறைகள். பகலில் பார்க்க வேண்டியவை: சதுக்கம், ஸ்டார் கிளப் இருந்த இடத்திலுள்ள நினைவுக்கல், பாம்பி கினோ, யேகர் பாசாஜ், டாப் டென் முகவரி. இரவில் இந்த்ரா அல்லது கைஸர்கெல்லர், எதில் நேரடிக் கச்சேரி இருக்கிறதோ அது. இரண்டிலும் இருந்தால் இந்த்ராவில் கச்சேரி, முடிந்த பிறகு கைஸர்கெல்லர். நடன இரவுகள் அங்கே தாமதமாகத்தான் தொடங்கும்.

உள்ளே போக 18 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கேட்பார்கள். பாஸ்போர்ட்டை அறையில் பூட்டி வைத்துவிட்டு மொபைலில் படம் மட்டும் காட்டினால் ஏற்காமல் போகலாம். குளிர்காலத்தில் கோட்டையும் முதுகுப்பையையும் வாசலிலேயே ஒப்படைக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு. சில்லறை ரொக்கம் கையில் இருக்கட்டும்.

வயது விஷயம் வந்ததால் ஒன்று. ஜார்ஜ் ஹாரிசனுக்கு அப்போது 17. பதினெட்டு ஆகாதவர்கள் இரவு 10க்குப் பிறகு கிளப்பில் இருக்கக் கூடாது என்பது சட்டம். 1960 நவம்பர் 21 அன்று அவரை நாட்டை விட்டு அனுப்பிவிட்டார்கள். பத்து மணிக்குப் பிறகுதான் இவர்கள் வேலையே சூடுபிடிக்கும் என்பதை நினைத்தால், மூன்று மாதம் பிடிபடாமல் இருந்ததே பெரிது.

ஒலிநாடா:
ஸ்டார் கிளப் இருந்த இடத்துக்குப் போகிறவர்களுக்கு. 1962 ஏப்ரல் 13 அன்று மான்ஃப்ரெட் வைஸ்லெடர் திறந்தார். திறப்பு நாளிலேயே பீட்டில்ஸ். அதற்கு முன்பு அது ஒரு சினிமா தியேட்டர். கைஸர்கெல்லர் மாதிரிக் குகை கிடையாது. பால்கனி உண்டு, உயரமான கூரை உண்டு, மேடைக்குப் பின்னால் மன்ஹாட்டன் வானுயர்ந்த கட்டடங்கள் வரைந்த திரை. இந்தத் திரை தெரிந்தால் அந்தப் படம் ஸ்டார் கிளப்தான், தயங்க வேண்டியதில்லை.

1969 டிசம்பர் 31 அன்று மூடினார்கள். அதன்பின் அந்தக் கட்டடத்தில் வேறு கேளிக்கை அரங்கு நடந்தது. 1983இல் தீப்பிடித்தது. பிறகு இடித்துவிட்டார்கள். இப்போது 39ஆம் எண்ணின் உள்முற்றத்தில் ஒரு கறுப்பு நினைவுக்கல் இருக்கிறது. அங்கே வாசித்தவர்களின் பெயர்கள் செதுக்கியிருக்கின்றன.

தெருவில் நடந்துகொண்டே தேடினால் கல் கண்ணில் படாது, உள்ளே தள்ளி இருக்கிறது. 39ஐப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் போக வேண்டும். அருகே 43இல் புனித யோசேப்பு தேவாலயம். அதன் முகப்பு தெருவிலிருந்தே தெரியும். தேவாலயம் வந்துவிட்டதென்றால் கல்லைத் தாண்டிவிட்டீர்கள், திரும்புங்கள். கல் கறுப்பு என்பதால் ஃபிளாஷ் அடித்தால் எழுத்து மறைந்து வெள்ளைப் பொட்டுதான் மிஞ்சும். பகல் வெளிச்சத்தில், சற்றுச் சாய்வாக நின்று எடுங்கள்.

அந்த அறை போய்விட்டாலும் அதன் ஒலி இருக்கிறது. 1962 டிசம்பரில், கடைசிச் சுற்றில், மேடைக்கு முன்னால் ஒரே மைக் வைத்து வீட்டு உபயோகத்துக்கான கிருண்டிக் நாடாப் பதிவுக் கருவியில் பதிந்தார்கள். 1977இல் இசைத்தட்டாக வந்தது. ஜார்ஜ் ஹாரிசனே 1998இல் லண்டன் நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார், பதிவின் உரிமை பீட்டில்ஸ் பக்கம் வந்தது. தரம் குறைவுதான். பாடகர் குரல் பின்னால் போய்விடும், கிதாரும் டிரம்ஸும் முன்னால் வரும். ஒரே மைக்கின் விளைவு அது. ஆனால் அதைக் குறை என்று தள்ள எனக்கு மனமில்லை. பேச்சும் சத்தமும் மேசைக்கு மேசை கேட்கிறது, கூடத்தின் அளவு காதில் தெரிகிறது. அந்தக் கல்லுக்கு முன்னால் நின்று இரண்டு பாட்டு கேளுங்கள். இடிந்துபோன கட்டடத்துக்குள் நுழைய இருக்கிற ஒரே வழி அதுதான்.

தந்திவடம்:
அருமை. இன்னும் இரண்டு கேள்வி. பாம்பி கினோவில் உள்ளே போக முடியுமா? மொத்தம் ஹாம்பர்கில் எத்தனை இரவு வாசித்தார்கள்? ஓரிடத்தில் 273 என்றும் இன்னோரிடத்தில் 281 என்றும் போட்டிருக்கிறார்கள்.

மேளக்கட்டு:
எண்ணிக்கையை நாட்காட்டியில் வைத்துப் பாருங்கள். இந்த்ரா 1960 ஆகஸ்ட் 17 முதல் அக்டோபர் 3 வரை: 15, 30, 3 என்று 48. கைஸர்கெல்லர் அக்டோபர் 4 முதல் நவம்பர் 30 வரை: 28, 30 சேர்த்து 58. டாப் டென் 1961 ஏப்ரல் 1 முதல் ஜூலை 1 வரை: 92. இது 198. ஸ்டார் கிளப்பில் 1962இல் மூன்று சுற்று. ஏப்ரல் 13 முதல் மே 31 வரை 49 நாள், நடுவே பெரிய வெள்ளி விடுமுறையைக் கழித்தால் 48. நவம்பர் 1 முதல் 14 வரை 14. டிசம்பர் 18 முதல் 31 வரை 14 நாள், கிறிஸ்துமஸைக் கழித்தால் 13. இது 75. மொத்தம் 273.

281 என்பது சுற்றுலாப் பக்கங்களில் அதிகம் புழங்கும் எண். 273ஐ நாளோடு சரிபார்க்க முடிகிறது, அதனால் நான் அதைத்தான் எடுத்துக்கொள்வேன். ஆனால் எண்ணிக்கையைவிட மணி நேரத்தைப் பாருங்கள். டாப் டென்னில் இரவுக்கு ஏழு, எட்டு மணி நேரம். ஒரு மணிக்கு ஒருமுறை கொஞ்சம் இடைவேளை. மூன்று மாதம் ஒரு நாள்கூட விடுப்பு இல்லை. லிவர்பூலில் அவர்களோடு இருந்த மற்றக் குழுக்களின் கைகளைப் போன்றவைதான் இவர்களுடைய கைகளும். திரும்பி வந்தபோது இருந்த வித்தியாசம் இந்த மணி நேரத்தில் உண்டானது.

கறுப்புத்தட்டு:
பாம்பி கினோ: உள்ளே போக முடியாது. திரையரங்கு எப்போதோ போய்விட்டது, இப்போது அது மக்கள் குடியிருக்கும் கட்டடம். வாசல் பக்கம் நினைவுப் பலகை இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு நகரலாம். மணியடிப்பது, யாராவது கதவைத் திறக்கும்போது பின்னாலேயே நுழைவது எல்லாம் கூடாது.

1960இல் கோஷ்மிடர் இவர்களுக்குக் கொடுத்த தங்குமிடம் இது. திரைக்குப் பின்னால், கழிப்பறையை ஒட்டி, ஜன்னல் இல்லாத அறைகள். விடிகாலையில் வந்து படுத்தால் பகல் காட்சியின் வசனச் சத்தத்தில் விழிப்பு வரும். 1960 நவம்பர் கடைசியில் இவர்கள் கோஷ்மிடரை விட்டுவிட்டு டாப் டென்னுக்குப் போகத் தீர்மானித்தார்கள். பாலும் பீட் பெஸ்ட்டும் சாமான் எடுக்கும்போது அந்த இருட்டில் எதையோ கொளுத்தினார்கள். தீவைப்பு என்று புகார், டேவிட்வாக்கே காவல் நிலையம், நாடு கடத்தல். அந்தக் காவல் நிலையச் செங்கல் கட்டடம் ஸ்பீல்புடன் சதுக்கத்தில் இன்றும் நிற்கிறது, இன்றும் காவல் நிலையம்தான். வெளியிலிருந்து பார்க்கலாம்.

யேகர் பாசாஜ்தான் என் மனசுக்குப் பிடித்த இடம். கிளப் இல்லை, ஆனால் எல்லாவற்றையும்விட மாறாமல் இருக்கிறது. 1961இல் யூர்கன் ஃபோல்மர் இங்கே ஜானை ஒரு வாசல் நிலையில் சாய்ந்து நிற்கவைத்தார். மற்றவர்களை முன்னால் நடக்கச் சொல்லி அவர்கள் மங்கலாகும்படி எடுத்தார். 1975இல் ஜான் லெனன் தன் 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்துக்கு அட்டைப்படமாக அதையே போட்டார். வோல்வில் தெரு 22ஆம் எண் வழியாக முற்றத்துக்குள் போனால் முதல் வாசல். அங்கே குடும்பங்கள் வசிக்கின்றன. குரலைத் தாழ்த்தி, இரண்டு படம் எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அதே கோணம் வேண்டுமென்றால் வாசலுக்கு நேர் எதிரே தள்ளி நில்லுங்கள். முன்னால் நடக்கிறவர் மங்க வேண்டுமானால் ஷட்டரை மெதுவாக வையுங்கள், பதினைந்தில் ஒரு வினாடி அளவு. கேமரா ஆடாமல் இருக்க முட்டுக்கொடுங்கள். மொபைல் தானாக வேகமான ஷட்டருக்குப் போய்விடும், நடப்பவர் கூர்மையாகவே விழுவார். வேகத்தைக் கையால் மாற்றும் வசதி உள்ள ஆப் தேவை.

நள்ளிரவுவண்டி:
சதுக்கத்தைப் பற்றி இரண்டு வரி. 2008 செப்டம்பர் 11 அன்று திறந்தார்கள். தரையில் 29 மீட்டர் குறுக்களவில் கறுப்பு வட்டம், இசைத்தட்டு வடிவம். அதன்மேல் எஃகால் வளைத்த ஆள் வரைவுகள் ஐந்து. உள்ளே வெறுமை, அதனால் நீங்கள் போய் நிற்கலாம். ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் சற்று விலகி நிற்பார். டிரம்மர் உருவம் பீட் பெஸ்ட், ரிங்கோ இருவருக்கும் பொதுவாக அமைத்தது. முழு வட்டமும் ஒரே படத்தில் வர வேண்டுமானால் எதிர்ச் சாரிக்குப் போக வேண்டும். சனிக்கிழமை மாலைக்குப் பிறகு அது சந்திப்பு இடமாகிவிடும், தரையே தெரியாது. ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆளே இருக்காது. அதிகாலையில் எழுகிறவர்கள் அப்படியே எல்பே நதிக்கரைக்கு இறங்கி மீன் சந்தையையும் பார்க்கலாம். கோடையில் காலை 5 மணிக்கும் குளிர்காலத்தில் 7 மணிக்கும் தொடங்கி 9.30க்கு முடியும், ஞாயிறு மட்டும்.

கீழ்ஸ்தாயி:
டாப் டென் முகவரியில் பார்க்க ஒன்றுமில்லை என்று எல்லாரும் கடந்துவிடுகிறார்கள். அங்கே நடந்ததை நினைத்தால் எனக்கு அப்படிக் கடக்க முடியவில்லை. முன்பு குதிரை வித்தை காட்டிய ஹிப்போட்ரோம் என்ற கூடத்தில் பீட்டர் எக்ஹார்ன் நடத்திய கிளப் அது. 1961இல் இவர்கள் கிளப்புக்கு மேலேயே மாடி அறையில் அடுக்குக் கட்டிலில் தூங்கினார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் நின்று கூரையைப் பாருங்கள். தங்கியதும் வாசித்ததும் ஒரே கட்டடம், நடுவே படிக்கட்டு மட்டும்.

ஸ்டூவர்ட் குழுவை விட்டு ஓவியம் படிக்கப் போனது இந்தக் காலத்தில். பேஸ் கிதார் பால் கைக்கு வந்ததும் அப்போதுதான். இடதுகைக்காரருக்கு வயலின் வடிவம் கவிழ்த்துப் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதால் ஹாஃப்னர் 500/1 வாங்கினார், ஹாம்பர்க் நகர் மையத்தில் ஒரு கடையில். அந்த 1961 கிதார் 1972இல் லண்டனில் ஒரு வேனிலிருந்து திருட்டுப்போனது. தேடிக் கண்டுபிடித்து அவரிடம் திரும்ப வந்துவிட்டதாக 2024 பிப்ரவரியில் அறிவித்தார்கள். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு வாத்தியம் சொந்தக்காரரிடம் சேர்ந்தது, ஹாம்பர்கின் பல சுவர்களுக்குக் கிடைக்காத அதிர்ஷ்டம்.

ஒலிநாடா:
ஞாயிறு காலை நேரம் மிஞ்சினால் ஹார்பர்க் பக்கம் எஸ்-பானில் போய் ஹைம்ஃபெல்டில் இறங்குங்கள். ஃப்ரீட்ரிஷ் ஏபெர்ட் மண்டபம், ஒரு பள்ளியோடு சேர்ந்த கச்சேரி மண்டபம். 1961 ஜூன் 22 அன்று பெர்ட் கேம்ப்ஃபெர்ட் தயாரிப்பில், பாடகர் டோனி ஷெரிடனுக்குப் பக்கவாத்தியமாக இவர்கள் 'மை பானி' பதிந்தது அந்த மண்டப மேடையில். ஸ்டூடியோ இல்லை, மேடையிலேயே கருவி வைத்துப் பதிவு. டாப் டென்னில் விடிய விடிய வாசித்துவிட்டு அங்கே வந்திருக்கிறார்கள். வெளியிலிருந்துதான் பார்க்கலாம், கச்சேரி இருந்தால் உள்ளே போகலாம். ரீப்பர்பானிலிருந்து எல்பே ஆற்றைக் கடந்து தெற்கே போக வேண்டும், போக வர ஒன்றரை மணி நேரமாவது ஒதுக்குங்கள்.

1966 ஜூன் 26 அன்று உலகப் புகழோடு திரும்பி வந்து வாசித்த எர்ன்ஸ்ட் மெர்க் மண்டபத்தைத் தேட வேண்டாம். 1986இல் இடித்துவிட்டார்கள்.

தந்திவடம்:
29ஆம் எண்ணை ஆரம்பத்தில் சொன்னீர்களே, அது என்ன?

கறுப்புத்தட்டு:
க்ரெட்டல் அண்ட் அல்ஃபோன்ஸ் என்ற மதுக்கூடம். கிளப் முடிந்து இவர்கள் உட்கார்ந்த இடம். 1989இல் பால் வந்து அந்தக் காலத்துப் பாக்கியைத் தீர்த்தார் என்பது அங்கே சொல்லப்படும் கதை. நான்கு முகவரியையும் கால் வலிக்க நடந்து பார்த்த பிறகு உட்கார இடம் வேண்டுமானால் இதைவிடப் பொருத்தமானது அந்தத் தெருவில் இல்லை. சின்ன இடம், சனிக்கிழமை இரவு நிற்கக்கூட இடமிருக்காது. அதனால் இந்த்ராவில் கச்சேரி எட்டு மணி வாக்கில் என்றால் ஆறரைக்கே இங்கே வந்துவிடுங்கள்.

மேளக்கட்டு:
லிவர்பூலோடு ஒப்பிட்டுக் கேட்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். அங்கே மேத்யூ தெருவில் இருக்கும் கேவர்ன், பீட்டில்ஸ் வாசித்த கிளப்பின் அசல் நிலவறை இல்லை. அசலை 1973இல் மூடினார்கள், 1984இல் பழைய செங்கற்களில் ஒரு பகுதியை வைத்துத் திரும்பக் கட்டினார்கள். பார்வையாளருக்கு எல்லாம் தயாராக இருக்கும், பகலிலேயே பாட்டு இருக்கும். ஹாம்பர்கில் அப்படி யாரும் நமக்காகத் தயார் செய்து வைக்கவில்லை. இந்த்ரா இன்னும் ஊர் பேர் தெரியாத குழுக்களை மேடையேற்றிக்கொண்டிருக்கிறது, டிக்கெட் விற்றால்தான் அடுத்த மாதம். அங்கே போய்ப் பலகையை மட்டும் படமெடுத்துவிட்டு வராதீர்கள். டிக்கெட் எடுங்கள், ஒரு குடிபானம் வாங்குங்கள், அன்றைக்கு வாசிக்கும் குழுவின் இசைத்தட்டு வாசலில் விற்றால் அதையும் வாங்குங்கள்.

தந்திவடம்:
நன்றி எல்லாருக்கும். சனி மதியம் எஸ்-பான் ரீப்பர்பான், சதுக்கத்தில் நிற்காமல் நேரே தெருவுக்குள், ஆறரைக்கு 29, எட்டுக்கு இந்த்ரா, பிறகு கைஸர்கெல்லர், ஞாயிறு காலை எட்டுக்குச் சதுக்கம். இந்த்ரா பட்டியலில் அந்தத் தேதிக்கு ஒரு குழு போட்டிருக்கிறது, டிக்கெட் எடுத்தாயிற்று. ஹைம்ஃபெல்ட் ரயில் ஞாயிறு காலையில் எத்தனை நிமிடத்துக்கு ஒன்று?

நள்ளிரவுவண்டி:
ஞாயிறு அதிகாலையில் இடைவெளி அதிகம், போகப் போகக் குறையும். தண்டவாளப் பராமரிப்பை வார இறுதியில்தான் வைப்பார்கள். எல்பே பாலத்துப் பகுதியில் வேலை நடந்தால் பாதி வழியில் இறக்கிப் பேருந்தில் ஏற்றிவிடுவார்கள். சனி இரவே ஹெச்விவி ஆப்பில் ஹைம்ஃபெல்ட் என்று போட்டுப் பாருங்கள். 'மாற்றுப் பேருந்து' என்று காட்டினால் கூடுதலாக அரை மணி நேரம் வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.